இருபத்துநாலாவது ஆள்

பிரியந்தனின் தலைக்கு விலை இருபதாயிரம் டொலர். பேசி முடித்தவர் கிளிபோட். பேசும்போது தான் விற்பது ஒரு தலையை என்று அவருக்குத் தெரியாது.

ஸ்காபரோவில் ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தில், ஹெல்மெற் போட்டு மோதி விளையாடும் கனடிய ஃபுட்போல் அணிக்கு அவர் மனேஜர். அணி வென்று மூன்று வருடம். இருபதாயிரம் தேடிக்கொள்ளாவிட்டால் அணியை மூடுவதென்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அதே நேரம் டவுன்டவுனில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்கு, பழைய மாணவர் கூடும் நாளில் போட்டு அடிக்க ஓர் அணி தேவைப்பட்டது. அங்கே விளையாட்டுக் கணக்குப் பார்ப்பவர் நவரட்ணம். வந்து ஆடினால் இருபதாயிரம் தருவதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை: முடியும்வரை இருபத்துநாலு பேர் நிற்கவேண்டும். குறைந்தால் ஆட்டமும் இல்லை, காசும் இல்லை.

இருபத்தாறு பேர் போனார்கள். நாலு பகுதி ஆட்டத்தில் மூன்றாம் பகுதி முடிவதற்குள் ஒருவனுக்குத் தோள், இன்னொருவனுக்கு முழங்கால். சிகிச்சை பார்க்கும் ஷரோன் இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். கடைசிப் பகுதியின் முதல் மோதலில் பிரியந்தன் விழுந்தான். எழும்பினான். நேரே போய் எதிரணியின் பெஞ்சில் உட்கார்ந்தான்.

கிளிபோட் ஓடிப்போய் இழுத்துவந்தார்.

"தம்பி, ஸ்கோர் என்ன?"

"ஐம் குட் அங்கிள், விடுங்கோ. நாங்கதானே லீடிங்?"

பலகையில் ஐம்பத்திரண்டுக்குப் பூச்சியம். தலை சுகமாயிருந்த எவனும் அந்த அணியில் அப்படி நினைத்ததில்லை. கிளிபோட் அவன் ஹெல்மெற்றைக் கழற்றி வாங்கினார். பயிற்சியாளர் அவனை எமர்ஜென்சிக்குக் கூட்டிப்போக, மிச்சம் இருபத்துமூன்று பேர் என்று நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார்.

நவரட்ணம் ஆறுதலாக நடந்துவந்தார்.

"என்ன கிளிபோட், கொஞ்ச நேரம்தானே. பெடியனை ஒரு மூலையில நிப்பாட்டியிருக்கலாம்."

"உங்கட மகனை நிப்பாட்டுவியளோ அண்ணை?"

"அவன் ஃபார்மசி படிக்கிறான்."

"முக்கால் ஆட்டம் பாத்திட்டியள். முக்கால் காசைத் தாங்கோ."

"ஒப்பந்தப் பேப்பரில அப்பிடி இல்லையே."

"ஐம்பத்திரண்டும் பேப்பரில இல்லை. உங்கட ஆக்கள் எங்களுக்கு அடிவிழுறதைப் பாக்கத்தானே வந்தவை? குறையில்லாமல் குடுத்தனாங்கள்."

நவரட்ணத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஐஞ்சு."

"பத்து."

எட்டில் கைகொடுத்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் இருந்த கிளிபோட்டுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஷரோன் போன் எடுத்தாள்: பிரியந்தனுக்கு மூளை அதிர்ச்சி, ஒரு மாதம் ஓய்வு, மற்றபடி பயமில்லை. கிளிபோட் கண்ணை மூடிக் கணக்குப் பார்த்தார். வரவு எட்டாயிரம். பஸ் ஆயிரத்து நானூறு. நிர்வாகத்துக்குக் காட்டவேண்டிய இருபதாயிரத்தில் இன்னும் பதின்மூவாயிரத்து நானூறு பாக்கி.