உறையாத ஜெல்லி

1
முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் மனைவியின் சொதப்பலிலிருந்து திருடியது. அனுமதி கேட்டேன். "எழுதிக்கோங்க. ஆனா என்சைம் பத்தித் தப்பா எழுதினா கிழிச்சுப் போட்டுடுவேன்" என்றாள். ஆய்வகத்தில் பதினோரு வருடமாக நொதிகளோடு குடித்தனம் நடத்துபவள்.

2
ஆரம்பம் ஒன்று: நொதி, அதாவது என்சைம், பெரிய மூலக்கூறுகளைச் சிறுசிறு துண்டுகளாக...

(வேண்டாம். நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.)

ஆரம்பம் இரண்டு: மகளுக்கு எட்டாவது பிறந்தநாள். போன இரண்டு பிறந்தநாளும் அம்மா ஆய்வகத்தில். இந்த முறை மகள் கேட்டது ஒன்றே ஒன்று, அம்மா கையால் அன்னாசி ஜெல்லி.

(பரவாயில்லை.)

3
காலையில் அன்னாசியை நறுக்கி, ஜெலட்டின் கரைசலில் போட்டு, ஃபிரிட்ஜில் வைத்தாள். மூன்று மணிக்குத் திறந்தால் தண்ணீராகத் தளும்புகிறது. நான்கு மணிக்குத் தோழிகள் வந்துவிடுவார்கள்.

"குளிர் பத்தலையோ?" என்றேன்.

கிண்ணத்தையே பார்த்தவள் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள்.

"அன்னாசிய வேக வைக்காமப் போட்டுட்டேன்! ஜெலட்டின் புரதம்தானே? அதோட நீள இழையெல்லாம் பின்னிக்கிட்டாத்தான் உறையும். அன்னாசில இருக்கிற என்சைம் அத்தனையையும் வெட்டித் தள்ளிடுச்சு. வேக வச்சிருந்தா அது செத்திருக்கும். முதல் வருஷப் பசங்களுக்கு நான் நடத்துற பாடம்ங்க இது!"

(நொதிக்கு உயிர் கிடையாது, செயலிழக்கத்தான் செய்யும். 'செத்திருக்கும்னு நான் சொல்லவே இல்லை' என்று கைப்பிரதியின் ஓரத்தில் எழுதியிருக்கிறாள் மனைவி. சொன்னாள்.)

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "தொடர்ந்து மூணாவது பிறந்தநாளும் போச்சு" என்று அவள் கண் கலங்கியதும் அடங்கிப்போனேன்.

4
முடிவு அ: மகள் அழுகிறாள். (எழுத மனம் வரவில்லை.)

முடிவு ஆ: கடைசி நிமிடத்தில் ஜெல்லி உறைந்து... (மனைவி கோடு போட்டு அடித்துவிட்டாள். 'வெட்டினது வெட்டினதுதான்.')

முடிவு இ, உண்மையில் நடந்தது. ஆனால் அப்போது நான் அங்கே இல்லை. "இதைக் குடிக்கத்தான் முடியும். ஓடிப்போய் ஸ்ட்ரா வாங்கிட்டு வாங்க" என்று மனைவி விரட்டியிருந்தாள். திரும்பி வந்தால் அம்மாவும் மகளும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, ஒரே டம்ளரில் மாறிமாறிக் குடித்தபடி விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

"அம்மா என்ன சொன்னாங்க?"

"சொல்ல மாட்டேன். நீங்க கதையில எழுதிடுவீங்கப்பா."

5
ஆக, கதையின் உயிரான பேச்சு என்னிடம் இல்லை. ஸ்ட்ரா வாங்கக் கிளம்பிக் கதவைச் சாத்தும்போது காதில் விழுந்தது இவ்வளவுதான்: "கண்ணு, அம்மா ஒரு தப்புப் பண்ணிட்டேன்..."

இங்கிருந்து நீங்கள் எழுதுங்கள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: அடுத்த பிறந்தநாளுக்கும் மகள் அதே ஜெல்லியைத்தான் கேட்டிருக்கிறாள், உறையாமல்.