முன்னால் போட்ட எழுத்து

என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ரெமெய் சிவப்பு இரும்புப் பாலத்தில் நடந்து வருகிறார், கீழே ஓன்யார் ஆறு, கரையோரம் மஞ்சளும் காவியுமாக ஒட்டி நிற்கும் ஜிரோனா நகரத்து வீடுகள், மெதுவா மகளே, என் கண்ணு முன்ன மாதிரி இல்ல என்கிறார், அந்தக் கண்ணைக் கெடுத்தவளே நான்தான்.

பேராலயத்துப் படிக்கட்டுக்குப் போகும் சந்தில் எங்கள் கடை, படுக்கை விரிப்பும் தலையணை உறையும் விற்கிறோம், கல்யாணப் பெண்ணுக்கு வாங்கும் விரிப்பில் அவள் பெயரின் இரண்டு எழுத்தை வெள்ளையில் வெள்ளையாகத் தைத்துக் கொடுப்பார்கள், தைப்பவர் ரெமெய், நாற்பது வருஷமாக, சீட்டு எழுதுவது நான், மிரெயா ரோகா என்று ஒரு பெண் தெளிவாகத்தான் சொன்னாள், ரோகா அப்பா வழிப் பெயர், என் கை தன்பாட்டுக்கு ஆர், எம் என்று எழுதியது, நம் ஊரில் அப்பாவின் எழுத்தை முன்னால் போட்டுத்தானே ஒன்றாம் வகுப்பிலிருந்து எழுதிப் பழகியிருக்கிறேன், பன்னிரண்டு விரிப்பு, மூன்று மாத வேலை, தைத்து வந்த விரிப்புக் கட்டைப் பிரித்தபோதே எனக்கு உறைத்துவிட்டது, அதில் குத்தியிருந்த சீட்டை உருவிக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டேன், வேலை போனால் இந்த நாட்டில் தங்கும் அனுமதியும் போகும் என்று பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன், பொய், அந்த நேரத்தில் அதெல்லாம் நினைக்கவில்லை, வெறும் கோழைத்தனம், மிரெயாவின் அம்மா வந்து இது எவ பேரு என்று கத்துகிறாள், கல்யாணத்துக்கு நாலே நாள், முதலாளி அசும்ப்தா ரெமெய்யை வரவழைக்கிறார், சீட்டுல இருந்ததத்தான் தைச்சேன் என்கிறார் ரெமெய், வயசாச்சு ரெமெய், எழுத்து மாறித் தெரிஞ்சிருக்கும் என்கிறார் அசும்ப்தா, ரெமெய் என் பக்கம் திரும்புகிறார், நீ என்ன மகளே எழுதின, எம் ஆர்னுதான் எழுதினேன் என்றேன், ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார், அப்படின்னா என் கண்ணுதான், என்று சொல்லி ஊசிப் பெட்டியை அசும்ப்தாவின் முன்னால் வைத்துவிட்டார், அன்றோடு தைப்பதை விட்டார், இப்போதெல்லாம் தெருவில் தனியாக இறங்குவதில்லை, என்னைத்தான் கூப்பிடுகிறார், நீ நல்ல பிள்ள என்று வேறு சொல்கிறார்.

பாலத்தின் பாதியில் சட்டென்று நிற்கிறார், என் கறுப்புக் கோட்டின் தோளில் ஒட்டியிருந்த ஒற்றைக் கறுப்பு நூலை இரண்டு விரலால் எடுத்து ஆற்றில் விடுகிறார், தான் கறுப்பில் கறுப்பைப் பார்த்தது அவருக்கே தெரியவில்லை, இப்போதாவது சொல்லித் தொலை என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது, இங்க வழுக்கும், பாத்து வாங்க என்கிறேன், அவர் என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, காலால் தடவித் தடவி அடுத்த அடியை வைக்கிறார்.