ரஃப் நோட்டில் இருந்த அப்பா

அன்று கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். ஜன்னலோர நாற்காலியில் அப்பா. அவருக்கு எதிரே, தரையில் காலை நீட்டித் துணி மடித்தபடி அம்மா. வாசல் பக்கம் ஸ்டூலில், யாருடைய மிக்ஸியையோ பிரித்துப் போட்டுக்கொண்டு, எலக்ட்ரீஷியனான மாப்பிள்ளை. சாப்பாட்டு மேசையில் ரஃப் நோட்டோடு மகள். பேசப்பட்ட பொருள்: நான்கு வருடமாக வீட்டுப் பக்கம் வராத அவள் தம்பி, ஒரு வாரம் வரட்டுமா என்று கேட்டிருக்கிறான், என்ன பதில் போடுவது.

தம்பி, அப்பா வாங்கிக் கொடுத்த பஸ் கம்பெனி வேலையை உதறிவிட்டு, ரயிலில் இரண்டு நாள் தள்ளியிருந்த ஊருக்கு ஓட்டல் சமையல்காரனாகப் போனவன். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் அப்பாவுக்கும் அவனுக்கும் முட்டிக்கொள்ளும். அதனால் கடிதம்தான், அதுவும் அக்கா வழியாக.

அக்காவுக்கு உத்தியோகமே அதுதான். ஒரு குடியிருப்போர் சங்கத்தின் கூட்டங்களுக்குக் குறிப்பு எழுதுகிறவள். புருஷன் அவளைக் கூப்பிடுவதே "மினிட்ஸ்" என்றுதான். யார் என்ன பேசினாலும் முதலில் ரஃப் நோட்டில் பேசினபடியே வந்துவிடும். பேச்சு நின்றால் மூச்சுக்கு ஒரு புள்ளி. ஒருவர் பேச்சில் இன்னொருவர் புகுந்தால் ஒரு சாய்கோடு. பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து "வந்து", "அதாவது", "என்னன்னா", "ம்" எல்லாவற்றையும் களையெடுப்பாள். பொருளுக்குத் தொடர்பில்லாததையும் அடிப்பாள். மிஞ்சுவதுதான் ஃபேர் காப்பி. அரை மணி நேரம் வழவழவென்று பேசிய சங்கத் தலைவர் அதை வாசித்துவிட்டு, "நானா இவ்ளோ தெளிவா பேசினேன்?" என்று பூரித்துப் போவார்.

தம்பிக்கும் ஃபேர் காப்பிதான் போனது. "அவ்வளவு தூரம் வரத் தேவையில்லை என்பது அப்பாவின் கருத்து. இரண்டு நாள் ரயில் பயணம். மேலும், மாடி அறையில் ஃபேன் ஓடவில்லை."

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. இரண்டே வரி. "தீர்மானம் கிடைத்தது. அப்பாவுக்குச் சாக்குச் சொல்ல ஒரு ஃபேன்தான் கிடைத்ததா? இனிமேல் வரட்டுமா என்று கேட்க மாட்டேன்."

அம்மா அதைப் படித்துவிட்டு, மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள். "என்னத்தடி எழுதின அவனுக்கு?"

"அப்பா சொன்னதத்தாம்மா."

"அவரு அப்பிடியா சொன்னாரு?"

சொன்னார்தானே? நோட்டில் இருக்கிறதே! கோபத்தோடுதான் ரஃப் நோட்டைத் திறந்தாள். சிவப்புக் கோடுகளுக்கு அடியில் எழுத்து இன்னும் தெரிந்தது.

அப்பா: அவ்ளோ தூரம் எதுக்கு... ரெண்டு நாளு... உக்காந்துக்கிட்டே... ம்... முதுகுவலி வேற அவனுக்கு /
அம்மா: இப்ப வலி இல்லையாம்.
அப்பா: இல்லையாமா? ம்... ம்... வந்து... மாடி ரூம்ல ஃபேன் வேற ஓடல.
மாப்பிள்ளை: கெப்பாசிட்டர் போயிருக்கும் மாமா. பத்து நிமிஷ வேல.
அப்பா: பத்து நிமிஷமா? ..... அப்ப ஏன் மாப்ள இத்தன நாளா பாக்காம இருந்தீங்க?

கடைசி வரி முழுக்கச் சிவப்பு. பொருளுக்குத் தொடர்பில்லாதது என்று அவளே அடித்தது. அந்த ஐந்து புள்ளிகளின் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த நேரத்தில் அப்பாவின் முகம் எப்படி இருந்தது? தெரியவில்லை. அவள் குனிந்து புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள்.

இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. எழுந்து போய்க் கேட்டாள்.

"அப்பா, தம்பி வரலாமா, வேணாமா? நேரா சொல்லுங்க."

"நேரா என்னத்த..." அப்பா செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அன்னிக்கே சொன்னேனே."

ஸ்டூலில் இருந்தவன் சிரித்துவிட்டான். "மினிட்ஸ், என்னைத் திட்டினாரே, அதுதான் வரச் சொன்னது. வீட்டுல எல்லாருக்கும் தெரியும், உன் நோட்டுக்குத்தான் தெரியல."

"தெரிஞ்சும் ஃபேனைப் பாக்காம உக்காந்திருக்கீங்களே, நீங்க மட்டும் என்னவாம்?"

அவன் ஸ்குரூ டிரைவரைப் பாக்கெட்டில் செருகி மாடிக்கு ஏறினான்.

இத்தனை வருடத்தில் ரஃப் நோட்டிலிருந்து ஒரு தாளைக்கூட அவள் வெளியே விட்டதில்லை. இன்று இரண்டு தாளை ஸ்கேல் வைத்து, நூல் பிசகாமல் கிழித்தாள். மேலே ஓரத்தில் எழுதினாள்: "தப்பு என்னுடையது. சிவப்புக் கோட்டைப் பார்க்காதே, அடித்ததையும் சேர்த்து வாய்விட்டுப் படி. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு மூச்சு நிறுத்து. அப்பா குரலில் படி, உனக்கு நன்றாக வருமே."

உறையில் விலாசம் எழுதும்போது நாற்காலி நகரும் சத்தம். அப்பா மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒட்டிட்டியா?"

"இன்னும் இல்லப்பா. ஏதாவது சேக்கணுமா?"

"எனக்கென்ன... நீ எழுது..." உறையைப் பார்த்தார், மாடிப்படியைப் பார்த்தார். "வந்து... அந்த ரூம் ஜன்னல்ல கொக்கி லூசா இருக்கு. காத்துல அடிச்சுக்கும்... ம்... தூக்கம் கெடும். சும்மாதான் சொன்னேன்."

அவள் பேனாவை எடுத்தாள். "எனக்கென்ன"விலிருந்து "சும்மாதான் சொன்னேன்" வரை, ஒரு "வந்து"வையும் ஒரு புள்ளியையும் விடாமல் எழுதினாள். இந்த முறை எழுதுவதற்கு முன்னால் நிமிர்ந்து அவர் முகத்தையும் பார்த்துக்கொண்டாள்.

பசை தடவி, உறையின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். தெருமுனைத் தபால் பெட்டியின் வாய்க்குள் விட்டபோது, அது அடியில் போய் விழுந்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். மாடி ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே ஃபேன் சுற்ற, திரைச்சீலை வெளியே வந்து வந்து போனது. அதை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு, மறுகையில் ஸ்குரூ டிரைவரோடு, அப்பா கொக்கியை முடுக்கிக்கொண்டிருந்தார்.