குதிரை கழுத்தில் சிவப்பு அட்டை

எங்க அக்கா வீட்டுக்காரருக்குப் பட்டப்பேரு குதிரை. எனக்குப் பீப்பாய். ரெண்டு பேரும் ஒரே கம்பெனியில லிஃப்ட் மெக்கானிக். ரெண்டு பட்டப்பேரையும் வச்ச புண்ணியவான் அவரேதான். தனக்குத் தானே குதிரைன்னு பேரு வச்சுக்கிட்ட மனுஷனை நீங்க எங்கேயாவது பார்த்திருக்கீங்களா? நான் தினமும் பார்த்துத் தொலைக்கிறேன்.

அஞ்சு வருஷம் முன்னாடி கம்பெனியில எல்லாருக்கும் இதயப் பரிசோதனை வச்சாங்க. எடை, பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, சிகரெட், தூக்கம் எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சு நூத்துக்கு மார்க். மாமாவுக்குத் தொண்ணூறு, எனக்கு முப்பத்தஞ்சு. அன்னையிலேர்ந்து அவரைக் கையில பிடிக்க முடியலை. "மாப்ளே, எல்லாரையும் தூக்க நாலு பேரு போதும். உன்னைத் தூக்க எட்டு பேருக்குச் சொல்லி வைக்கணும்டா"ம்பாரு.

சொல்ல எனக்கு என்ன வெட்கம், செத்துப்போயிடுவோம்னு நெஜமாவே பயந்தேன். சிகரெட்டை விட்டேன், சோத்தைக் குறைச்சேன், நாய் துரத்தாமலே காலையில ஓடினேன். மாமா? நான் விட்ட சிகரெட்டையும் சேர்த்து அவரு பிடிச்சாரு. தொண்ணூறு வாங்கினவருக்கு என்ன கேடு!

இந்த வருஷம் டாக்டரம்மா எங்க ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வச்சாங்க. "ரெண்டு பேருக்கும் அறுபது."

"பார்த்தியா மாப்ளே, நீயும் என் உசரத்துக்கு வந்துட்டே!"

"சிரிக்காதீங்க," அந்தம்மா சுள்ளுன்னு சொன்னாங்க. "அவரு ஏறி வந்த அறுபது. நீங்க இறங்கி வந்த அறுபது. வருஷா வருஷம் இறங்கிக்கிட்டே இருக்கீங்க, எனக்கு உங்களை நினைச்சாத்தான் பயமா இருக்கு. படி ஏறும்போது நெஞ்சு அழுத்துதா?"

"சேச்சே! எப்பவாவது வாயு."

வெளியில வந்ததும் ஆரம்பிச்சுட்டாரு. "அறுபதுன்னா அறுபதுதானேடா? அதுல ஏறினது என்ன, இறங்கினது என்ன? படிச்சுட்டா போதுமா?"

நேரா ஒரு பன்னெண்டு மாடிக் கட்டடத்துக்குப் போனோம். அங்க ரெண்டு லிஃப்ட். மாமா ரெண்டோட இரும்புக் கயித்தையும் அளந்தாரு. ரெண்டும் ஒரே தடிமன். ஆனா ஒண்ணை மட்டும் மாத்தணும்னாரு. மேனேஜர் குதிச்சாரு. "ரெண்டும் அளவுக்குள்ளதானேய்யா இருக்கு?"

"சார், அது மூணு வருஷமா இப்படியேதான் இருக்கு, விட்டுடலாம். இது போன வருஷம் தடியா இருந்தது, இப்ப மளமளன்னு தேயுது. இன்னிக்கு அளவை நம்பி ஆளை ஏத்தினா நாளைக்கு யாரு பதில் சொல்றது?"

நான் சிரிச்சுட்டேன். "என்னடா இளிப்பு?"ன்னு முறைச்சாரு. சத்தியமா அவருக்குப் புரியலை.

ரிப்பேருக்கு லிஃப்டை நிறுத்தினா, யாரும் தெரியாம போட்டுடாம இருக்க மெயின் சுவிட்சுல சிவப்பு அட்டை மாட்டுவோம். மாட்டினவன் பேரு அதுல இருக்கும். அவனைத் தவிர யாரும் அதை எடுக்கக் கூடாது, முதலாளியே ஆனாலும். ரெண்டு பேரு மாட்டினா ரெண்டு பேரும் எடுக்கணும். இந்த விஷயத்துல மாமா எமன். ஒருதடவை ஜெனரல் மேனேஜரையே பன்னெண்டு மாடி நடக்க விட்டவரு.

அட்டையை மாட்டிட்டு, இன்னொரு லிஃப்டுல கூட்டம்னு சங்கிலிக் கப்பியைத் தோள்ல போட்டுப் படி ஏறினாரு. நான் தூக்கறேன்னேன், "பீப்பாய் உருண்டுடும்"னாரு. நாலாவது மாடியில சங்கிலிச் சத்தம் நின்னுபோச்சு. சுவத்துல சாஞ்சு நிக்கிறாரு, முகமெல்லாம் வேர்வை, கை நெஞ்சுல.

"வாயுடா. ரெண்டு நிமிஷம். ஏறிடலாம்."

எனக்கு வந்த ஆத்திரத்துல அறைஞ்சிருப்பேன். ஆனா அடிச்சாலும் கேக்குற ஜென்மமா அது? பையிலேர்ந்து என் சிவப்பு அட்டையை எடுத்தேன், அவரு கழுத்துல மாட்டினேன்.

மனுஷன் குனிஞ்சு பார்த்தாரு. கை அட்டை வரைக்கும் வந்துச்சு, அப்படியே நின்னுச்சு.

"எடுடா."

"மாட்டேன். மளமளன்னு தேயுற கயிறு, மாமா. நீங்கதானே சொன்னீங்க?"

கப்பியைக் கீழே வச்சாரு. படியில உக்கார்ந்தாரு. அவரு சண்டை போட்டிருந்தா நான் பயந்திருக்க மாட்டேன். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில ரத்தக்குழாய் ஒண்ணு அடைச்சிருக்குன்னு சொல்லி, அன்னிக்கே சரி பண்ணாங்க. அதுக்கு முன்னாடி நர்ஸம்மா அட்டையைக் கழட்டப் போக, பாதி உசுரோட கத்தினாரே பார்க்கணும். "தொடாதீங்க! மாட்டினவன்தான் எடுக்கணும்!" என்னைத் தேடிப் பிடிச்சு உள்ளே கூட்டிட்டுப் போனாங்க. நான் கழட்டி, வைத்தியம் முடிஞ்சதும் கட்டில் கம்பியில திரும்ப மாட்டிட்டேன்.

அக்கா வந்தா. டாக்டரம்மா சொன்னதிலேர்ந்து நடந்ததையெல்லாம் நான் போன்லயே சொல்லியிருந்தேன். அழுவான்னு நினைச்சேன். அவ அட்டையில என் பேரைப் படிச்சா, எங்கிட்ட கையை நீட்டினா.

"இன்னொண்ணு இருக்கா?"

குடுத்தேன். தன் பேரை எழுதி, என்னோடதுக்குப் பக்கத்துல மாட்டினா.

மாமா ரெண்டு அட்டையையும் மாறி மாறிப் பார்த்தாரு. கண்ணு கலங்கிடுச்சு. "இவன் எடுத்துடுவான். நீ எப்ப எடுப்பே?"

"இறங்கித்தானே வந்தீங்க?" அக்கா போர்வையை இழுத்து விட்டா. "ஏறி வாங்க. அப்புறம் பார்க்கலாம்."