முத்திரைக்கு அடியில் பொட்டாஷ்

அக்காவின் மக்காச்சோளம் ஆளுயரம் வளர்ந்து, லேசான காற்றுக்கே பாதி வயல் சாய்ந்து கிடந்தது. நின்ற செடிகளிலும் அடியிலைகளின் ஓரம் தீய்ந்திருந்தது. மண் பரிசோதனைக் கூடத்தில் பதினெட்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிற எனக்கு ரத்தம் கொதித்தது.

"யூரியாவை மட்டும் அள்ளிக் கொட்டினியா? தழைச்சத்து செடியை விறுவிறுன்னு வளர்க்கும். கூடவே சாம்பல்சத்து இல்லேன்னா தண்டு எப்படித் தாங்கும்? பொட்டாஷ் எங்கே?"

"நீ போடச் சொல்லலையே."

"அறிக்கையில எழுதியிருக்கேன்! உனக்குத்தான் கண்ணு தெரியல, மாமாவுக்குமா?"

"கத்தாதேடா, பெரிய ஆபீசர்" என்று அக்கா வீட்டுக்குள் போய் அறிக்கையைக் கொண்டுவந்து நீட்டினாள்.

யூரியா அளவு பளிச்சென்று இருந்தது. அதற்குக் கீழே பொட்டாஷ் இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் கூடத்தின் வட்ட முத்திரை, ஊதா மையில், அப்பியிருந்தது. நான் முத்திரை குத்தினால் மேஜையே அதிரும் என்று எனக்கு ஒரு பெருமை.

"எந்த மடையன் குத்தினது இது?" என்றேன், வெட்கமே இல்லாமல்.

"என்கூடப் பிறந்தவன்."

கடைக்குப் போய்ப் பொட்டாஷ் மூட்டையை நானே சுமந்து வந்து இறக்கினேன்.

"நிக்கிறதாவது பிழைக்குமாடா?"

"ஓரளவு தேறும்க்கா."

"சரி. இப்படி இன்னும் எத்தனை பேருக்குக் குத்தினே?"

வியர்வையைத் துடைக்கக்கூட மறந்து, கூடத்துக்குப் போன் போட்டேன். அறிக்கை வாங்கிய அத்தனை பேர் நம்பரும் வேண்டும் என்றேன்.