சுபேதாரின் மச்சம்

என் மகன் பிரேம்நாத்துக்குப் பெண் கேட்டு, ரங்கூனில் போட்டாதாங் பக்கம் பொன்னுத்துரை வீட்டுக்குப் போனோம். பையனும் பெண்ணும் ஏற்கெனவே பேசி முடித்துவிட்ட விஷயம். முறைக்குத் தட்டு தூக்கிக்கொண்டு போனது. செருப்பைக் கழற்றி நிமிர்ந்தால், எதிர்ச் சுவரில், எங்கள் வீட்டுப் படத்தில் இருக்கிற அதே சுபேதார் மாலை போட்டுக்கொண்டு நிற்கிறார்.

எங்கள் வீட்டில் மாலை போட்ட படம் மூன்று, மூன்றும் அண்ணன் தம்பிகள். அண்ணன் ரங்கசாமி பட்டாளத்துச் சுபேதார், நடுவில் உள்ளவர் டாக்டர், தம்பி ஓவியர். மூவரும் நூற்றைம்பது வருஷத்துக்கு முன் சென்னையிலிருந்து ரங்கூனுக்கு வந்தவர்கள். நாங்கள் தம்பி வழி. லத்தாத் தெருப் பக்கம் என் இரும்புக் கடைக்கு ஆணி வாங்க வருகிறவன்கூட இந்தக் கதையைக் கேட்காமல் தப்பியதில்லை.

"இது யாருங்க?" என்றேன்.

"ஊ சிவராஜ், இவரு எங்க பூட்டனாரு, சுபேதார் மாரிமுத்து," என்று என் பேருக்கு முன்னால் பர்மிய மரியாதை 'ஊ' போட்டுச் சொன்னார் பொன்னுத்துரை.

"ரங்கசாமி இல்லையா?"

"எங்க பூட்டன் பேரு எனக்குத் தெரியாதா?" அவருக்கும் சுருக்கென்று கோபம் வந்தது.

பேர் எதுவானாலும் முகம் அதே முகம். அண்ணன் வழி அவர்கள், தம்பி வழி நாங்கள் என்றால் பங்காளிகள். பையனும் பெண்ணும் அண்ணன் தங்கை. வேறு எதைக் கேட்டுச் சரிபார்ப்பது? குலதெய்வத்தின் பெயரை இரண்டு வீட்டிலும் எப்போதோ மறந்தாயிற்று. உள்ளறை வாசலில் நின்ற கல்யாணப் பெண் புஷ்பா அழவே ஆரம்பித்துவிட்டாள். 

பிரேம்நாத் கைபேசியில் எங்கள் ஓவியர் வரைந்த வீட்டு மூன்று படங்களையும் எடுத்துப் பெரிதாக்கினான். சுபேதாரின் இடது கண்ணுக்குக் கீழே மச்சம். சுவரில் இருந்தவருக்கும் அங்கேதான்.

"டாக்டரைப் பாருங்கப்பா."

தாடிக்கு மேலே அதே மச்சம். கண்ணாடியைப் பார்த்துத் தன்னைத்தானே வரைந்துகொண்ட ஓவியருக்கும் அதே மச்சம், அதே மூக்கு. அறுபது வருஷமாக இந்தப் படங்களுக்குச் சந்தனப் பொட்டு வைத்த எனக்கு இது கண்ணில் படவே இல்லை. பொன்னுத்துரை வீட்டுப் படத்தில் மாலையை விலக்கினால், மூலையில் எங்கள் ஓவியப் பூட்டனாரின் கையெழுத்து.

பொன்னுத்துரை பீரோவிலிருந்து ஒரு பதக்கம் கொண்டுவந்தார். விளிம்பில் மாரிமுத்து என்ற பெயரும் படைப்பிரிவும் வெட்டியிருந்தது.

"உங்க சுபேதாருக்கு ஏதாச்சும் இருக்கா? டாக்டருக்கு ஒரு காகிதம்?"

வீட்டில் இருக்கிறது என்று ஒரு பொய் சொன்னால் என் மானம் பிழைக்கும். ஆனால் பங்காளி என்று ஆகிக் கல்யாணம் அத்தோடு போகும். என் மனைவி வேலம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும், நான் எவ்வளவு பீற்றிக்கொண்டவன் என்று.

"ஒண்ணும் இல்லைங்க," என்றேன். "எங்க வீட்டுல சிப்பாயும் இல்ல, டாக்டரும் இல்ல. படம் வரைஞ்சவரு ஒருத்தருதான். மாதிரிக்கு உக்கார ஆள் கிடைக்காம தன் மூஞ்சியையே எல்லாருக்கும் வரைஞ்சிருக்காரு. உங்க பூட்டனுக்கும் சேர்த்து. நாம பங்காளி இல்ல."

 இரண்டு பூட்டன்களை ஒரே மூச்சில் சாகடித்துவிட்ட மாதிரி இருந்தது. வேலம்மா தட்டை மெல்ல முன்னால் நகர்த்தினாள்.

பொன்னுத்துரை தட்டைப் பார்க்கவில்லை. பதக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவரையே வெறித்தார். என்னைவிட அவர்தான் அதிகம் குழம்பிப்போயிருந்தார்.

"அப்ப எங்க பூட்டன் பாக்க எப்படி இருந்திருப்பாரு, சம்பந்தி?" என்று கேட்டார்.