மயிலி கிடந்த கரடு

வெயில் ஏறினால்தான் பாறுகள் எழும். பாறை சூடாகி, காற்று மேல்நோக்கித் தள்ளத் தொடங்கும் வரை அவை மாயாற்றங்கரை மரங்களில் தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஜோஸ்லினுக்கு இது நன்றாகத் தெரியும். இருந்தும் விடிந்ததிலிருந்து அவள் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓலைத் தட்டியின் மறைவில் குந்தி உட்கார்ந்து, துடைத்த பைனாகுலரையே மறுபடியும் துடைத்தாள்.

எதிரே, கரடு என்ற அந்தச் சிறு குன்றின் மொட்டைப் பாறையில் செத்த மாடு மயிலி கிடந்தது. நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் இன்னும் கலையாமல் இருந்தன. நாய்கள் நெருங்காமலிருக்க இரவு முழுவதும் மேலே போட்டு வைத்திருந்த முள்ளை விடியற்காலையில்தான் மாட்டுக்காரர் பாலுசாமியின் மகன் நிதீஷ் இழுத்து ஓரமாகக் குவித்துவிட்டுப் போயிருந்தான்.

பாறு என்றால் பிணந்தின்னிக் கழுகு. ஒரு காலத்தில் செத்த மாடு எங்கே கிடந்தாலும் கூட்டமாக இறங்கிய பறவை. இப்போது இந்த மலையடிவாரத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டி மட்டும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. மாட்டுக்குப் போடும் சில வலிநிவாரணி ஊசிகள்தான் அவற்றை அழித்தன. ஊசி போட்ட மாடு செத்து, அந்த இறைச்சியைப் பாறு தின்றால் அதன் சிறுநீரகம் கெட்டுப்போகும். தலை தொங்கும். அப்புறம் மரத்திலிருந்து விழும். அந்த ஊசிகளை மாட்டுக்குப் போடக் கூடாது என்று அரசு தடை செய்துவிட்டது. ஆனால் மருந்து போனாலும் பறவைக்குத் தீனி வேண்டுமே. சிறுமுகைக்கு அப்பால் ஊர் ஊராகப் போய், "மாடு செத்தால் புதைக்காதீர்கள், கரட்டில் போடுங்கள்" என்று கேட்பதுதான் ஜோஸ்லினின் வேலை.

கேட்டவர்களெல்லாம் சிரித்தார்கள். பெற்ற பிள்ளையைப் போல வளர்த்த மாட்டைத் தென்னந்தோப்பில் குழி வெட்டிப் புதைத்து, மேலே ஒரு தென்னங்கன்றை வைப்பதுதான் இங்கே வழக்கம். அதை விட்டுவிட்டுக் கழுகுக்குப் போடச் சொன்னால் யார் கேட்பார்கள்? முதன்முதலாகச் சரி என்று சொன்னவர் பாலுசாமிதான். வாய்க்கால் மேட்டில் சறுக்கி விழுந்து இடுப்பு உடைந்த மயிலி நேற்று மதியம் செத்ததும், அவரே போன் செய்து, "வந்து பாருங்க அம்மணி, உங்க பறவைக்கே குடுத்தர்றேன்" என்றார்.

ஜோஸ்லின் கேட்க வேண்டியதையெல்லாம் வரிசை தவறாமல் கேட்டாள். மாட்டுக்கு என்ன மருந்து கொடுத்தீர்கள்? யார் ஊசி போட்டது? என்றைக்கு? பாலுசாமி கால்நடை டாக்டர் எழுதிய சீட்டைக் காட்டினார். அதில் இருந்தது பாறுக்குக் கெடுதல் இல்லாத மருந்து. போதாதென்று அவள் டாக்டரையும் போனில் அழைத்து உறுதி செய்துகொண்டாள். அதற்குப் பிறகும் ஏதோ ஒன்றை விட்டுவிட்டோம் என்று அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனால் அந்த உறுத்தல் அவளுக்குப் பழக்கமானது. அறையைப் பூட்டிவிட்டுக் காரமடை பஸ் ஸ்டாண்டு வரை வந்த பிறகும், பூட்டினோமா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள் அவள்.

வடக்கே, மலையின் தோளுக்கு மேலே ஒரு புள்ளி தெரிந்தது. பைனாகுலரில் பார்த்தாள். அகன்ற இறக்கை, குட்டை வால். சிறகடிக்காமல் ஒரே சாய்வாக வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. இந்தக் கரட்டுக்கு மேலே பாறு சுற்றுவதை இந்த ஊரில் பார்த்தவர்கள் எல்லோருக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது.

"கண்ணு, டீத்தண்ணி."

குழந்தையம்மாள் சொம்போடு வந்திருந்தாள். பாலுசாமியின் மனைவி. நேற்று மாட்டுக் கட்டுத்தரையை விட்டு அவள் வெளியே வரவே இல்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு தட்டிக்குப் பின்னால் மெல்ல உட்கார்ந்தாள். மயிலியின் பக்கம் பார்வையைத் திருப்பவில்லை.

"உங்க பறவை வந்துருச்சுங்களா?"

"வருதுங்கம்மா. சத்தம் போடாம இருந்தா இறங்கும்."

"வரட்டும். நல்லாத் திங்கட்டும்." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நோவுல கெடந்து சாகல கண்ணு. அதொண்ணுதான் எனக்கு ஆறுதலு."

"டாக்டர் போட்ட ஊசி வேலை செஞ்சுதுங்களா?"

"அதெங்க செஞ்சுது! ராத்திரியெல்லாம் கதறுச்சு. என்ர ஊசிதான் வேலை செஞ்சுது."

ஜோஸ்லின் பைனாகுலரைக் கீழே இறக்கினாள். "உங்க ஊசிங்களா?"

"என்ர மூட்டுக்குக் கம்பவுண்டரு நரசிம்மலு வந்து ஊசி போடுவானல்லோ, அது. முந்தாநாளு சாயங்காலம் எனக்குப் போட வந்தான். எனக்கு வேண்டாண்டா, அந்த வாயில்லாச் சீவனுக்குப் போடுன்னு சொல்லிப்போட்டேன். மாட்டு ஒடம்புக்கு ஒண்ணு காணாதும்மான்னு பையில இருந்த அத்தனையும் போட்டான். அப்பறம் மூச்சுக் காட்டல கண்ணு. என்ர கைய நக்கீட்டே கெடந்துச்சு."

"நேத்து நான் கேட்டேனேம்மா. மருந்து, ஊசி எல்லாம் கேட்டேனே."

"நீ அவருகிட்ட மாட்டு மருந்தல்லோ கேட்ட? இது மனுசருக்குப் போடறது. அவருக்குத் தெரியாது. ஆம்பளையாளுககிட்ட இதையெல்லாம் சொல்லீட்டா இருப்பாங்க?"

மாட்டுக்குத் தவிடு வைத்தது இந்த அம்மாள். சாணி அள்ளியது இந்த அம்மாள். இரவெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து தடவிக் கொடுத்ததும் இந்த அம்மாள்தான். ஜோஸ்லினோ வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவரிடம் கேட்டுவிட்டு எழுந்து வந்திருக்கிறாள்.

மேலே இப்போது நாலைந்து பாறுகள் வட்டமிட்டன. ஒவ்வொரு சுற்றுக்கும் வட்டம் கீழே இறங்கியது.

அது என்ன ஊசி என்று நரசிம்மலுவைக் கேட்டால் தெரிந்துவிடும். அந்த அம்மாளிடம் எண்ணை வாங்கினாள். அழைத்தாள். மணி அடித்து நின்றது. மறுபடியும் அழைத்தாள். எடுக்கவில்லை. அடுத்து மேட்டுப்பாளையம் அலுவலகத்திலிருந்த தாமஸை அழைத்தாள். அவர்தான் அவளுடைய மேலாளர்.

"எந்த மருந்துன்னு தெரியாம என்ன பண்ணுவே, ஜோஸ்லின்?" என்றார் அவர். "வெறும் சத்து ஊசியாவும் இருக்கலாம். முதல் தடவை இறங்கும்போதே மனுசன் விரட்டினான்னு வை, அப்புறம் அந்தக் கரட்டுப் பக்கம் அதுக எட்டிக்கூடப் பார்க்காது. மூணு வருச வேலை."

"அந்த மருந்தா இருந்தா, சார்?"

"நீ அங்க இருக்கே. நீயே முடிவு பண்ணு" என்றார் தாமஸ்.

அவள் களத்தை நோக்கி ஓடினாள். முட்டியைத் தாங்கித் தாங்கிக் குழந்தையம்மாளும் பின்னால் வந்தாள். பாலுசாமி டிராக்டரின் நிழலில் உட்கார்ந்திருந்தார். நிதீஷ் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, மாட்டை எடுக்கோணுங்க. இப்பவே. குழி வெட்டிப் புதைச்சிரலாம்."

பாலுசாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "மாடு என்ன உங்க ஆபீசு நாற்காலியா, அங்கயும் இங்கயும் இழுத்துப் போடறதுக்கு?"

"ஐயா..."

"நேத்து என்ர ஒறம்பரைக, சொந்தக்காரங்க அத்தனை பேரும் காறித் துப்பாத குறை. பால் குடுத்த மாட்டைக் கரட்டுல வீசறயேடான்னு கேட்டாங்க. நீங்க நல்லதுக்குத்தான் சொல்லுவீங்கன்னு வாய மூடீட்டு நின்னேன். இன்னைக்கு மறுக்கா இழுத்துட்டு வந்தா ஊரு எதுல சிரிக்கும்? போட்டது போட்டதுதானுங்க."

"ஊசி போட்டிருக்காங்கய்யா. அதைத் தின்னா பறவை செத்துப்போகும்."

"டாக்டருகிட்டப் பேசினதே நீங்கதானே!"

ஜோஸ்லின் குழந்தையம்மாளைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தால் காட்டிக்கொடுத்தது போலாகும். ஆனால் அந்த அம்மாள் அதற்குள் அவளைத் தாண்டி முன்னால் வந்துவிட்டாள்.

"நாந்தானுங்க போடச் சொன்னேன். என்ர ஊசிய."

பாலுசாமி எழுந்தார். "என்ன சொல்ற நீயி?"

"காது கேக்கலீங்களா? நாந்தான்." அவள் ஜோஸ்லின் பக்கம் திரும்பினாள். "கண்ணு, மெய்யாலுமே செத்துருமா? நான் போட்டதுலயா?"

"அந்த மருந்தா இருந்தா செத்துரும்மா. என்ன மருந்துன்னு எனக்குத் தெரியலை."

"வெறும் பாட்டிலு சாணிக்குழிக்குள்ள கெடக்குது. போயி எடு நிதீஷு."

"அந்தக் குழியிலயா? அதுல இந்த டிராக்டரே காணாமப் போயிருமே" என்றான் நிதீஷ். ஆனாலும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

ஜோஸ்லின் கரட்டைத் திரும்பிப் பார்த்தாள். வட்டம் கலைந்துவிட்டது. ஒரு பாறு கால்களைத் தொங்கவிட்டபடி இறங்கிக்கொண்டிருந்தது. குழிக்குள் பாட்டிலைத் தேடி எடுத்து, கழுவி, பெயரைப் படிக்கும் வரை அது காத்திருக்காது.

அதற்கு மேல் அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. களத்தில் கிடந்த காலி எண்ணெய் டின்னையும் ஒரு கம்பியையும் பொறுக்கிக்கொண்டு ஓடினாள். பறவைக்கு முன்னால் எழுந்து நிற்காதே, பேசாதே, தும்மல் வந்தாலும் வாயைப் பொத்திக்கொள் என்று எத்தனை பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள். டின்னை அடித்துக்கொண்டு, கத்திக்கொண்டு பாறைமேல் ஏறினாள். செருப்பு ஒன்று அறுந்து விழுந்தது.

அந்தப் பாறு மயிலியின் தலைமாட்டில் நின்றிருந்தது. ஒரு பாறு இவ்வளவு பக்கத்தில் நின்று அவள் பார்த்ததே இல்லை. சுருக்கம் விழுந்த கழுத்து, முதுகில் வெள்ளைத் திட்டு, இடது இறகில் ஒரு பிளவு. தலை குனிந்திருந்தது. தின்கிறதா? இன்னும் தொடங்கவில்லையா? அவளால் பார்க்க முடியவில்லை. கண்ணில் வியர்வை இறங்கிவிட்டது.

"போ! போயிரு!"

அது இரண்டு தாவல் தாவி, பாரமாகச் சிறகடித்து எழுந்தது. அடித்த காற்றில் புழுதி கிளம்பி அவள் முகத்தில் மோதியது. மேலே இருந்தவையும் அதோடு சேர்ந்து விலகின. அவள் முள் குவியலை வெறுங்கையால் இழுத்து மயிலியின் மேல் போடத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கை தெரிந்தது. குழந்தையம்மாள் அழுதுகொண்டே முள்ளை இழுத்துப் போட்டாள். கீழே டிராக்டர் உறுமும் சத்தம் கேட்டது.

பாலுசாமி வண்டியை ஓட்டி வந்தார். மயிலியின் காலில் கயிறு கட்டிக்கொண்டே சொன்னார். "மெதுவா இழுக்கோணும். இடுப்பு ஒடஞ்ச மாடு."

தோப்பில் ஆழமாகக் குழி வெட்டினார்கள். மண் மூடும் நேரத்தில் நரசிம்மலு திரும்ப அழைத்தான். அவன் சொன்ன மருந்து டைக்ளோபினாக், பாறுகளை அழித்த அதே மருந்து. அதே நேரம் நிதீஷும் இடுப்பு வரை சாணியோடு வந்து சின்னப் பாட்டில் ஒன்றை நீட்டினான். அதிலும் அதே பெயர்தான்.

இப்போது தெரிய வேண்டியது ஒன்றுதான். அந்தப் பாறு தின்றதா, இல்லையா?

வனத்துறை அனுமதியோடு, காவலர் ஒருவரின் துணையில், மறுநாளிலிருந்து மாயாற்றங்கரையில் அவளும் நிதீஷும் காத்திருந்தார்கள். பாறுகள் தங்கும் நீர்மருத மரம் எதிர்க்கரையில் இருந்தது. இடது இறகில் பிளவு இருந்த பறவை அதன் நடுக்கிளையில் இருந்தது. மருந்து உடம்பில் ஏறியிருந்தால் இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும் என்று தாமஸ் சொல்லியிருந்தார். முதல் நாள் அது மற்றவற்றோடு பறந்து போய்த் திரும்பியது. இரண்டாம் நாளும் போனது. ஆனால் சீக்கிரமே திரும்பிவிட்டது.

மூன்றாம் நாள் காலை வெயில் ஏறியது. ஒவ்வொன்றாகக் கிளைகள் காலியாயின. அது மட்டும் உட்கார்ந்திருந்தது. கழுத்து முன்பக்கம் தொங்கியிருந்தது.

"தூங்குதாட்டிருக்குதுங்க" என்றான் நிதீஷ்.

தொங்கிய கழுத்து எதற்கு அடையாளம் என்று ஊர் ஊராகப் படம் காட்டி விளக்கியவள் ஜோஸ்லின்தான். இன்னும் கொஞ்சம் முன்னாலேயே ஓடியிருந்தால்? தாமஸுக்குப் போன் செய்யாமல் இருந்திருந்தால்? முதல் நாளே கட்டுத்தரைக்குள் போயிருந்தால்? ஒவ்வொன்றையும் எடுத்து வைத்துப் பார்த்தாள். எதையும் மாற்ற முடியவில்லை.

"எங்கப்பன் மத்தியானம் சாப்புட்டுட்டு ஒக்காந்தா அச்சு அசல் இப்பிடித்தான் இருப்பாரு" என்றான் நிதீஷ், குரலைத் தாழ்த்தி. "அவரையும் தெனமும் செத்துட்டாருன்னே நெனைக்கோணுமாட்டிருக்குது."

"நிதீஷ், பேசாம இருங்க."

கிளை அசைந்தது. கழுத்து நிமிர்ந்தது. அது சிறகுகளை இரண்டு பக்கமும் முழுதாக விரித்து, வெயிலுக்குக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றது. பிளவு வழியாக வெளிச்சம் தெரிந்தது. பிறகு கிளையை உதறிவிட்டுக் கிளம்பி, ஆற்றுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி உயர்ந்தது. அது மரங்களுக்கு மேலே போன பிறகுதான் ஜோஸ்லின் பைனாகுலரை இறக்கினாள். முள் குத்திய விரல்கள் அப்போதுதான் வலித்தன.

குழந்தையம்மாளை அழைத்தாள். "பறந்துருச்சுங்கம்மா."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நரசிம்மலு இங்கதான் நிக்கறான் கண்ணு. எனக்கு ஊசியே வேண்டாம், போடான்னு சொல்லிப்போட்டேன்."

"உங்களுக்குப் போட்டுக்கலாங்கம்மா. மாட்டுக்குத்தான் போடக் கூடாது."

"அப்பிடீங்கறயா?" அந்த அம்மாள் யோசித்தாள். "ஆமாமா. என்னையென்ன கரட்டுலயா வீசப்போறாங்க?"

நிதீஷ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். ஜோஸ்லினும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வானத்தைப் பார்த்தாள். பாறுகள் எல்லாம் உயரத்தில் ஒன்றுகூடி வரிசையாகச் சாய்ந்து போய்க்கொண்டிருந்தன. எல்லாமே வடக்குப் பக்கம். தெற்கே கரடு இருந்த திசைக்கு ஒன்றுகூடத் திரும்பவில்லை.